வீட்டுத் திரையரங்கின் படக் களஞ்சியம் எங்கே இருக்க வேண்டும்?

தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தி, அதன் மூலமாகவே சினிமாவும் சங்கீதமும் பதிவுசெய்த நிகழ்ச்சிகளும் கண்டு கேட்டு அநுபவிக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றி ஏறக்குறையக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் என்று வழங்கும் அந்த யந்திரத்தைப் பற்றி எழுந்த விவகாரங்களில் பெரும்பாலானவை, எந்தச் சிப் உகந்தது, எந்த ரிமோட் வசதியானது என்பன போன்றவை, காலப்போக்கில் தாமாகவே அடங்கிவிட்டன. ஒன்று மட்டும் அடங்கவில்லை. படங்களைத் தாங்கும் ஹார்டு டிஸ்க்குகள் அந்த யந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டுமா, கேபிளால் இணைத்த வெளிப்பெட்டி ஒன்றில் இருக்க வேண்டுமா, அல்லது வீட்டின் வேறொரு மூலையில் நின்றுகொண்டு நெட்வொர்க் வழியாகப் படங்களை அனுப்பும் தனி யந்திரம் ஒன்றில் இருக்க வேண்டுமா என்பதே அது.

மூன்று விடைகளுக்கும் அவரவர் கட்சியில் நெடுங்கால வாதங்கள் உண்டு. அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது புலப்படுவது, ஒவ்வொரு விடையும் அது பிறந்த காலத்தில் எந்த வழி மிகக் குறுகலாக இருந்ததோ அதை உத்தேசித்தே சொல்லப்பட்டது என்பதும், குறுகல் வேறிடத்துக்குப் பெயர்ந்த பின்னரும் பழைய விடை பழைய காரணத்தோடேயே ஓதப்பட்டு வந்தது என்பதுமாகும். இன்றைய குறுகல் கம்பியில் இல்லை. களஞ்சியத்தைப் பராமரிக்கும் பொறுப்பிலே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் அபிப்பிராயம். அதை நிலைநாட்டுவதற்கு முன் மூன்று கட்சிகளையும் அவற்றின் நியாயத்தோடு கேட்டாக வேண்டும்.

உள்ளேயே இருக்கட்டும் என்போர்

1999-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிவோ, ரீப்ளே டிவி என்னும் பதிவுக் கருவிகளே இவ்வழக்கின் பூர்வீகம் எனக் கொள்ளலாம். டேப்புக்குப் பதிலாக ஹார்டு டிஸ்க்கில் நிகழ்ச்சியைப் பதிவதே அவற்றின் புதுமையாதலால், டிஸ்க் கருவிக்குள் இருப்பது இயல்பாகவே தோன்றியது. அதற்கு வேறோர் இடம் உண்டென்று எவரும் கருதவில்லை. 2002-இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பி இயங்குதளத்துக்கு மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டபோதும், அதே ஆண்டில் ஐசக் ரிச்சர்ட்ஸ் லினக்ஸுக்கென்று மித் டிவி என்ற மென்பொருளைத் தொடங்கியபோதும், ஒளிபரப்பைப் பிடித்துப் பதிவதே முதற் காரியமாக இருந்தது.

இந்தக் கட்சியின் மிக வலுவான ஆதாரமும் அதிலேயே அடங்கியிருக்கிறது. அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு சானலுக்கு விநாடிக்கு 19.39 மெகாபிட் வரை தரவு வரும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 8 ஜி.பி.க்கு மேல் ஆகிறது. சேமித்த படத்தைப் பார்க்கிறவருக்கு நடுவில் ஒரு தடங்கல் நேர்ந்தால் சற்றுப் பொறுத்திருந்து தொடரலாம். வானில் வருகிற ஒளிபரப்போ எவருக்காகவும் காத்திராது. டிஸ்க் இரண்டு விநாடி தூங்கினால் அந்த இரண்டு விநாடி என்றென்றைக்கும் போய்விட்டது. ஆகவே எழுதுகிற டிஸ்க் அருகிலேயே இருக்க வேண்டும் என்ற வாதம், படிக்கிற டிஸ்க்கைப் பற்றிய மற்ற வாதங்கள் தளர்ந்த பிறகும் தளராமல் நிற்கிறது. மீடியா சென்டர் மென்பொருளும் பதிவுக்கு நெட்வொர்க் இடத்தை இயல்பாக ஏற்றுக்கொண்டதில்லை. மித் டிவி மட்டும் இதற்கு ஒரு பரிகாரம் கண்டது: டியூனரையும் டிஸ்க்கையும் சேர்த்தே ஒரு பின்னணி யந்திரத்துக்கு அனுப்பிவிட்டு, கூடத்தில் திரைக்கு மட்டும் ஒரு சிறு யந்திரத்தை வைத்தது. படங்களை நெட்வொர்க் வழியே அனுப்பச் சொல்லும் வலைக் கட்சியின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

உள்ளிருப்புக் கட்சியின் பலவீனங்களோ கண்ணுக்கும் காதுக்கும் உடனே எட்டுபவை. நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் நான்கு டிஸ்க்குகள் ஒரு தட்டையான பெட்டிக்குள் அடைபட்டால் உஷ்ணம் ஏறுகிறது. உஷ்ணத்தைத் தணிக்க விசிறி வேண்டும். விசிறியின் இரைச்சல், படத்தில் பாத்திரங்கள் மெல்லப் பேசும் கட்டங்களில்தான் கேட்கும். டிஸ்க்கின் அதிர்வு மர அலமாரியின் பலகைக்கு ஏறி, டிஸ்க் எழுப்பும் சப்தத்தைவிடப் பெரிய முனகலாகத் திரும்பி வருவதும் அறிந்த சங்கதியே. படம் பார்ப்பதற்கென்றே அமைந்த அறையில் இவ்வளவு சந்தடி எதற்கு என்ற கேள்வியே டிஸ்க்குகளை முதன்முதலில் வெளியே துரத்தியது.

வெளிப்பெட்டிக் கட்சி

ஒரு பெட்டி, ஒரு கேபிள், ஒரு மின்னிணைப்பு என்ற எளிமைதான் இக்கட்சியின் பலம். விநாடிக்கு 12 மெகாபிட் மட்டுமே தாங்கிய பழைய யு.எஸ்.பி. இதற்கு உதவாது, 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. 2.0, ஏட்டில் 480 மெகாபிட் என்றும் நடைமுறையில் விநாடிக்கு ஏறத்தாழ 30 மெகாபைட் என்றும் வந்த பிறகே வெளிப்பெட்டி நம்பத்தக்கதாயிற்று. இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைக் களைய வேண்டும். யு.எஸ்.பி. 2.0 படம் ஓட்டுவதற்குப் போதாது என்று அடிக்கடி சொல்லப்பட்டது. கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. டி.வி.டி.யின் உச்ச வேகம் விநாடிக்கு 10.08 மெகாபிட்; புளூ-ரேக்கு 54; பின்னால் வந்த 4கே புளூ-ரேக்கே 128, அதாவது 16 மெகாபைட். பழைய கேபிள் இவை எல்லாவற்றையும் தாங்கும். அது தாங்காதது படத்தை ஓட்டுவதையன்று, களஞ்சியத்தைப் பெயர்ப்பதை: 4 டெராபைட் படங்களை அந்த வேகத்தில் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். பிரதி எடுப்பது அவ்வளவு தொல்லையாக இருந்தபடியால் பலர் பிரதியே எடுக்காமல் விட்டனர் என்று ஊகிக்க இடமுண்டு. 2008-இல் வந்த யு.எஸ்.பி. 3.0 இந்தக் குறையைத் தீர்த்தது. அதற்குமுன் இசாட்டா, ஃபயர்வயர் ஆகிய இரண்டும் சில காலம் அந்த இடத்தை நிரப்பிப் பின் ஒதுங்கின.

வெளிப்பெட்டியின் மெய்யான தொல்லைகள் வேகத்தைச் சேர்ந்தவை அல்ல. முதலாவது, கோப்பு அமைப்பு. கடையிலிருந்து வந்த டிஸ்க் பழைய ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பையும் அது ஏற்காது, 8.5 ஜி.பி. கொள்ளும் இரட்டை அடுக்கு டி.வி.டி.யை முழுதாக ஒரே கோப்பாக வைக்க முயன்றவர் அங்கேயே முட்டிக்கொண்டார். என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினால் விண்டோஸ் மகிழும். மேக் படிக்குமேயன்றி எழுதாது. இரண்டுக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட்டின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளியிட்ட பிறகே லினக்ஸின் மூலக்கருவில் அது முறையாக இடம் பெற்றது.

இரண்டாவது, பெட்டிக்குள் டிஸ்க்குக்கும் கேபிளுக்கும் நடுவே துபாஷியாக அமர்ந்திருக்கும் சிறு சிப். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தரும் எச்சரிக்கைகளைச் சில சிப்கள் வெளியே விடுவதில்லை. வேறு சில, உரிமையாளர் கடவுச்சொல்லே வைக்காதபோதும், எழுதுவதையெல்லாம் மறைமொழியாக்கியே எழுதுகின்றன. அத்தகைய பெட்டியில் டிஸ்க் நன்றாக இருந்து சிப் மட்டும் பழுதானால், டிஸ்க்கைக் கழற்றி வேறு யந்திரத்தில் மாட்டிப் பார்ப்பவருக்கு அர்த்தமற்ற எழுத்துக் குவியலே கிடைக்கும். எளிமையை விரும்பி வாங்கியவருக்கு இது எதிர்பாராத சிக்கல்.

மூன்றாவது, உறக்கம். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சற்று நேரம் சும்மா இருந்தாலே வெளி டிஸ்க்குகள் சுழற்சியை நிறுத்திக்கொள்ளும். ரிமோட்டில் பொத்தானை அழுத்தியதும் திரை கறுத்து நிற்கிறது. ஒரு மெல்லிய சீழ்க்கை எழுந்து உயர்கிறது. ஏழெட்டு விநாடிக்குப் பின்பே படம் வருகிறது. அதற்குள் பொறுமையிழந்தவர் பொத்தானை இன்னும் இருமுறை அழுத்தியிருப்பாராகையால், வந்த படம் உடனே நின்றும் போகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பச்சை ரக டிஸ்க்குகள் சில இன்னும் ஒருபடி மேலே போய், எட்டு விநாடி வேலையில்லாவிட்டால் தலையை ஓரத்தில் நிறுத்திவைத்தன. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஏதாவது குறிப்பு எழுதும் இயங்குதளத்தோடு அவை சேர்ந்தால், ஆயுளுக்கென்று குறித்த 3,00,000 நிறுத்தங்கள் நான்கு மாதத்துக்குள் தீர்ந்துபோகும் என்பது எளிய வகுத்தலில் கிடைக்கும் விடை. டிஸ்க்கை உறங்கவிடுவது நல்லதா, இடைவிடாது ஓடவிடுவது நல்லதா என்ற உபவழக்கு இங்கிருந்தே கிளைத்தது.

வலைக் கட்சியின் எழுச்சி

கோப்புகளைத் தூரத்து யந்திரத்தில் வைத்து அருகிலிருப்பவை போலக் கையாளும் யோசனை ஹோம் தியேட்டருக்கு வெகு காலம் முற்பட்டது. ஐ.பி.எம்.மில் 1983-ஆம் ஆண்டு வாக்கில் பாரி ஃபைகன்பாம் வகுத்த எஸ்.எம்.பி. முறையும், சன் கம்பெனி 1984-இல் தந்த என்.எஃப்.எஸ். முறையும் அலுவலகங்களுக்காகப் பிறந்தவை. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், முதல் முறையின் இயக்கத்தை வெளியிலிருந்து கவனித்தே அதற்கு இணையான இலவச மென்பொருளை எழுதத் தொடங்கினார். சாம்பா என்று பின்னால் பெயர் பெற்ற அது இல்லாவிடில், லினக்ஸைக் கருவாகக் கொண்டு, நெட்வொர்க் வழியே கோப்புகளைத் தரும் நாஸ் என்னும் மலிவுப் பெட்டிகள் விண்டோஸ் வீடுகளுக்குள் நுழைந்திருப்பது கடினமே. சினாலஜி, கியூநாப் முதலிய தைவான் கம்பெனிகள் அந்தப் பெட்டிகளைச் சாதாரண வீட்டுச் சாமானாக்கின.

2002-இல் முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தொடங்கி, அடுத்த ஆண்டில் எக்ஸ்பிஎம்சி என்று பெயர் பூண்டு, 2014-இல் கோடி என்று மாறிய மென்பொருள் இந்தக் கட்சிக்குப் பெருந்துணை புரிந்தது. எக்ஸ்பாக்ஸின் உள்ளிருந்த டிஸ்க் 8 ஜி.பி. அளவினது, அதில் படங்களை நிரப்ப வழியில்லை. ஆகவே அம்மென்பொருள் தொடக்கத்திலிருந்தே நெட்வொர்க்கில் உள்ள கோப்புகளைத் தேடிச் சென்று ஓட்டுவதில் பழகியது. வறுமையில் கற்ற அந்தப் பழக்கம், பின்னர் பெரிய யந்திரங்களுக்கும் இலக்கணமாயிற்று.

கம்பியின் அகலத்தைப் பற்றிய ஆக்ஷேபணை அக்காலத்தில் நியாயமானதே. 54 மெகாபிட் என்று விளம்பரமான 802.11ஜி வைஃபை, சுவரைக் கடந்து நடைமுறையில் தந்தது 20, 25 மெகாபிட்டே, டி.வி.டி. ஓடும், உயர்தர ஒளிபரப்பு விளிம்பில் தள்ளாடும், புளூ-ரே ஓடாது. 100 மெகாபிட் ஈதர்நெட் புளூ-ரேக்குப் போதுமானது. 1999-இல் தரமாக வகுக்கப்பட்டு, பின்வந்த பத்தாண்டில் வீட்டு ரூட்டர்களுக்குள் வந்து சேர்ந்த கிகாபிட் ஈதர்நெட், விநாடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் தள்ளுவதால், ஒரே சமயத்தில் நாலைந்து 4கே படங்களை அனுப்பிய பிறகும் மிச்சம் வைக்கும். கம்பியைப் பொறுத்தவரை வழக்கு அன்றே தீர்ந்துவிட்டதென்று சொல்வதில் தவறில்லை. விந்தை என்னவென்றால், இன்றும் பல தொலைக்காட்சிப் பெட்டிகளின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடுகிறது. 4கே புளூ-ரேயின் உச்சக் கட்டங்கள் அதைத் தாண்டுகையில் படம் திணறுகிறது. அதே பெட்டியின் வைஃபையோ கம்பியைவிட வேகமாக ஓடுகிறது. தனி ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் இன்னும் வழக்கொழியாததற்கு இத்தகைய சில்லறைக் காரணங்களும் உண்டு. 2012-இல் வந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை யந்திரமும் முதலில் இதே குறையோடுதான் இருந்தது. 2019-இல் நான்காம் பதிப்பில்தான் முழு கிகாபிட் கிடைத்தது.

வலைக் கட்சியின் இப்போதைய பலவீனங்கள் கம்பிக்கு வெளியே இருக்கின்றன. இரண்டு யந்திரங்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போது, இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். கூடத்து யந்திரம் எழுந்து, நாஸ் இன்னும் எழாமல் இருக்கும் அந்த அரை நிமிஷத்தில் கோடி தன் படப் பட்டியலைச் சுத்தம் செய்யத் தொடங்கினால், எட்டாத படங்களையெல்லாம் காணாமற் போனவையாக எண்ணி, எதை எவ்வளவு தூரம் பார்த்தோம் என்ற குறிப்புகளோடு நீக்கிவிடும் அபாயம் உண்டு. நெட்வொர்க் வழியே ஓர் அழைப்பை அனுப்பித் தூங்கும் யந்திரத்தை எழுப்பும் முறை வெகுநாளாகவே இருந்தும், அது எல்லா வீட்டிலும் தவறாமல் பலித்தது என்று சொல்ல இயலாது.

நெட்வொர்க் முறைகளும் முதுமை அடைகின்றன. 2017-இல் வான்னக்ரை என்னும் பணயத் தாக்குதல் எஸ்.எம்.பி. முதற்பதிப்பின் ஓட்டை வழியாக உலகெங்கும் பரவிய ஆண்டிலேயே, விண்டோஸ் 10-இன் இலையுதிர்காலப் புதுப்பிப்பு அந்தப் பழைய முறையைத் தானாக நிறுவுவதை நிறுத்திக்கொண்டது. நியாயமான முடிவே. ஆனால் ஒரு கம்பியையும் தொடாமல், ஒரு பெட்டியையும் மாற்றாமல், நேற்று ஓடிய படம் இன்று காணோம் என்ற நிலை பல வீடுகளில் ஏற்பட்டதற்கும் அதுவே காரணம்.

ரெய்டு என்னும் பெருவாதம்

நாஸ் வாங்குவோர் அதைப் பாதுகாப்புக்காக வாங்குவதாகச் சொல்வர். பாதுகாப்பு என்று அவர்கள் கருதுவது பெரும்பாலும் ரெய்டு. 1988-இல் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல சிறு டிஸ்க்குகளை அணிவகுத்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து அதன் உள்ளடக்கத்தைக் கணித்து மீட்கும் வழிகளை வகைப்படுத்தியது. வீட்டுக்குள் வந்ததில் பிரபலமானது ஐந்தாம் வகை. நான்கு டிஸ்க்கில் ஒன்றின் அளவை மட்டும் காவலுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றின் அளவைப் பயன்படுத்தலாம்.

இதற்கு எதிராக 2007-இல் ராபின் ஹாரிஸ் எழுப்பிய ஆக்ஷேபணை நெடுங்காலம் எதிரொலித்தது. சாதாரண டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில், படித்த பிட்டுகளில் நூறு லட்சம் கோடிக்கு ஒன்று, அதாவது ஏறக்குறைய 12.5 டெராபைட்டுக்கு ஒருமுறை, மீளாத படிப்புப் பிழை நேரலாம் என்று கண்டிருக்கிறது. நான்கு 4 டெராபைட் டிஸ்க்குகளில் ஒன்று பழுதானால் மற்ற மூன்றையும், அதாவது 12 டெராபைட்டையும், கடைசி எழுத்துவரை படித்தாலன்றி மீட்க முடியாது; ஆகவே மீட்பு தோற்பதற்கே அதிக வாய்ப்பு என்பது வாதம். கணக்கில் பிழையில்லை. ஆனால் விவரக்குறிப்பு சொல்வது உற்பத்தியாளர் ஒப்புக்கொள்ளும் மேல்வரம்பேயன்றிச் சராசரி அநுபவம் அன்று; பத்துப் பன்னிரண்டு டெராபைட்டை மாதந்தோறும் முழுதும் படித்துச் சரிபார்க்கும் வீட்டு நாஸ்கள் பிழையின்றி அதை முடிப்பது சாதாரணக் காட்சி. மீட்பு அபாயமற்றது என்று இதனால் ஆகிவிடாது. 8 டெராபைட் டிஸ்க்கை நிரப்ப, நல்ல வேகத்திலும் பதினைந்து மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும், ஒரே நாளில் வாங்கி ஒரே பெட்டியில் ஒரே உஷ்ணத்தில் முதுமையடைந்த மற்ற டிஸ்க்குகள் ஓய்வின்றி உழைக்கின்றன. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்றே விற்ற சிவப்பு ரக டிஸ்க்குகளில் சிலவற்றில், தடங்களை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் முறையைச் சொல்லாமலே கையாண்டதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மீட்பு வேளையில் அத்தகைய டிஸ்க்குகள் மிக மந்தமாகி அணியிலிருந்தே விலகிய சம்பவங்கள்தாம் அதை வெளிக்கொணர்ந்தன.

ரெய்டைக் கைவிடாமல் அதன் கடுமையைத் தளர்த்தும் மூன்றாம் மார்க்கம் ஒன்றும் உண்டு. 2005-இல் வந்த அன்ரெய்டும், பிற்பாடு வந்த ஸ்நாப்ரெய்டும், ஒவ்வொரு டிஸ்க்கிலும் முழுக் கோப்புகளையே வைத்து, காவல் கணக்கை மட்டும் தனி டிஸ்க்கில் எழுதுகின்றன. காவலின் அளவைத் தாண்டி டிஸ்க்குகள் போனாலும், போனவற்றில் இருந்த படங்கள் மட்டுமே போகும். எஞ்சியவற்றைக் கழற்றி எந்த லினக்ஸ் யந்திரத்திலும் படிக்கலாம். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் படக் களஞ்சியத்துக்கு இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. எழுதும் வேகம் குறைவு என்ற ஆக்ஷேபணை இங்கே அதிகம் செல்லாது. மறுபுறம், 2005-இல் சன் கம்பெனி வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். அமைப்பைச் சார்ந்தோர், டிஸ்க் சாவதைவிட, சாகாமலே ஓரெழுத்தை மாற்றிக் கொடுப்பதுதான் கொடியது என்பர். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்து அதைக் கண்டுபிடிப்பதில் இசட்.எஃப்.எஸ்.ஸுக்கு நிகர் அரிது. ஆயினும் இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு பிட் புரண்டால் திரையில் ஒரு கணம் ஒரு சதுரம் கலங்கும், அவ்வளவே. குடும்பப் புகைப்படத்துக்கும் கணக்கேட்டுக்கும் பொருந்தும் கண்டிப்பைச் சினிமாவுக்கும் நீட்ட வேண்டுமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

எல்லா மார்க்கத்தாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு சங்கதி உண்டு. தவறி அழித்த கோப்பையும், திருட்டையும், இடியையும், பணயத் தாக்குதலையும் ரெய்டு தடுக்காது; அது படத்தை இடைவிடாமல் ஓடவைக்கும் சௌகரியமே தவிர இரண்டாம் பிரதி ஆகாது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஹோம் சர்வரின் வரலாறு இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. அளவு வேறுபட்ட டிஸ்க்குகளை ஒரே பரப்பாக்கி, விரும்பிய கோப்புறைகளை இரட்டித்து வைக்கும் அதன் டிரைவ் எக்ஸ்டெண்டரைப் பலர் மனமாரப் போற்றினர். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, சில மென்பொருள்களிலிருந்து திருத்திச் சேமித்த கோப்புகளை அது சிதைப்பது தெரியவந்தது. 2008 ஜூலையில்தான் பரிகாரம் கிடைத்தது. 2010 நவம்பரில் அந்த வசதியே அடுத்த பதிப்பில் இராது என்று அறிவிக்கப்பட்டது. களஞ்சியத்தை அதன்மேல் கட்டியவர்கள் தங்கள் தவறு ஏதுமின்றியே இடம் பெயர வேண்டியதாயிற்று.

கோப்பைத் தருவதா, காட்சியைத் தருவதா

தூரத்து யந்திரம் கோப்பை மட்டும் நீட்டினால் போதுமா, அல்லது படத்தின் பெயர், சுவரொட்டி, பார்த்த இடம் எல்லாவற்றையும் தானே நிர்வகித்து, திரைக்கேற்ற உருவில் மாற்றியும் அனுப்ப வேண்டுமா என்பதில் இரு தரப்பு உண்டு. எக்ஸ்பிஎம்சியிலிருந்து 2008-இல் பிரிந்த பிளெக்ஸும், எம்பி என்னும் மென்பொருளிலிருந்து 2018-இல் கிளைத்த ஜெல்லிஃபினும் இரண்டாம் தரப்பு. இவற்றால் கூடத்துக் கம்ப்யூட்டரின் வேலை சுருங்கிவிடுகிறது. சில வீடுகளில் அது இல்லாமலேயும் ஆகிவிடுகிறது. முதல் தரப்பார் சொல்வது, உருமாற்றத்தில் தரம் குறையும், ஒரு மென்பொருளின் மனப்போக்குக்கு முழுக் களஞ்சியமும் அடிமையாகும் என்பது. கோடியிலேயே பொதுப் பட்டியலை ஒரு தரவுத்தளத்தில் வைத்து, ஓர் அறையில் நிறுத்திய படத்தை மற்றோர் அறையில் தொடர முடியும் என்றும் காட்டுவர். அது முடியும், ஆனால் எல்லா யந்திரத்திலும் கோப்பின் முகவரி ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும், கோடியின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2004-இல் இணையத் தரமாகப் பதிவான ஐஸ்கஸி இந்த இரண்டிலும் சேராதது. தூரத்து டிஸ்க்கை உள்ளிருக்கும் டிஸ்க் போலவே யந்திரத்தை நம்பவைப்பதால், நெட்வொர்க் இடத்தை ஏற்காத பதிவு மென்பொருளையும் அது ஏற்கவைத்தது. அதே டிஸ்க்கை இரண்டு விண்டோஸ் யந்திரங்கள் ஒருசேர இணைத்தால், ஒன்றை ஒன்று அறியாமல் எழுதிக் கோப்பு அமைப்பையே குலைத்துவிடும். பகிர்வதற்காக வாங்கிய களஞ்சியம் பகிரக்கூடாததாகிவிடுவதால் இது சிலருக்கே பயன்பட்டது.

நீதிமன்றமும் கிளவுடும்

டி.வி.டி.களைப் பிரதி எடுத்து வீட்டுச் சர்வரில் வைப்பது சட்டசம்மதமா என்ற கேள்வியை ஒட்டி எழுந்தது கலிபோர்னியாவின் கலைடஸ்கேப் வழக்கு. டி.வி.டி.யில் பிரதியைத் தடுக்கும் மறைமொழிப் பூட்டை உடைக்காமல், பூட்டோடேயே அதை ஹார்டு டிஸ்க்கில் பிரதி செய்து அறைதோறும் ஓட்டிய அந்தக் கம்பெனிமேல் டி.வி.டி. பூட்டு உரிமச் சங்கம் 2004 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2007-இல் விசாரணை நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகவும், 2009 ஆகஸ்டில் மேல்நீதிமன்றம் மாறாகவும் கூறின, 2014-இல் சமரசமாயிற்று. வாதம் பெரும்பாலும் உரிம ஒப்பந்தத்தின் பொருளைப் பற்றியதாகையால், தனி மனிதர் தாம் வாங்கிய தட்டைத் தம் நாஸில் வைப்பதைப் பற்றிய பொது விதி எதுவும் அதிலிருந்து கிடைத்ததாகச் சொல்ல முடியாது. இந்தியாவில் 2012-இன் திருத்தத்துக்குப் பின், சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளல் சினிமாவையும் உள்ளடக்குவதாகவே சட்டவாசகம் இருக்கிறது. பூட்டைத் திறப்பதைத் தண்டிக்கும் பிரிவும் அதே திருத்தத்தில்தான் சேர்ந்தது.

களஞ்சியத்தை வீட்டிலேயே வைக்க வேண்டாம், கிளவுடில் வைக்கலாம் என்ற விடை 2015 வாக்கில் சிறிது காலம் மினுங்கியது. அமேசான் அந்த ஆண்டில் அமெரிக்காவில் அறிவித்த வரம்பில்லாச் சேமிப்பு 2017-இல் நின்றது. அமேசான் டிரைவ் என்ற சேவையே 2023-ஆம் ஆண்டோடு மூடப்பட்டது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எஞ்சி நிற்பவை

ஒரே திரையும் ஒரே கூடமும் உள்ள வீட்டில், நல்ல வெளி டிஸ்க் இரண்டு, ஒன்று இணைப்பிலும் மற்றது பிரதியாக அலமாரியிலும், நாஸின் காரியத்தைக் குறைந்த செலவிலும் குறைந்த கவலையிலும் செய்யும் என்பதை மறுப்பதற்கு வலுவான ஆதாரம் தென்படவில்லை. இரண்டாம் திரை வந்ததும் தராசு வலைக் கட்சியின் பக்கம் சாய்கிறது. ஒளிபரப்பைப் பதிவோருக்கு உள் டிஸ்க் ஒன்று, சிறிதாயினும், இன்னும் உசிதம். இவ்வளவும் ஓரளவு துணிந்து சொல்லத்தக்கவை.

துணிந்து சொல்ல முடியாதவை வேறு. டிஸ்க்கை உறங்கவிடுவதா ஓடவிடுவதா என்பதில், நாளொன்றுக்கு ஓரிருமுறை விழிக்கும் டிஸ்க்கையும் மணிக்குப் பலமுறை விழிக்கும் டிஸ்க்கையும் பிரித்துப் பாராமல் இரு தரப்பும் பேசுகின்றன; தரவு மையங்களின் அநுபவம் ஓயாமல் ஓடும் டிஸ்க்குகளைப் பற்றியதாகையால் வீட்டு வழக்குக்கு அரைச் சாட்சியே ஆகும். டிஸ்க்குகள் 20 டெராபைட்டைத் தாண்டிவிட்ட நிலையில், மீட்பு ஒன்றரை நாளைத் தாண்டுமென்றால், வீட்டில் ரெய்டு இன்னும் பொருளுடையதா, அல்லது காவல் டிஸ்க்கின் விலையில் முழுப் பிரதிக்கான டிஸ்க் வாங்குவதே மேலா என்பதும் முடிவாகவில்லை.

இவற்றுள் கடினமானது பெட்டியின் ஆயுளைப் பற்றியது. டிஸ்க்கை மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு நாஸ் பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும். அதன் மென்பொருளுக்குக் கம்பெனி தரும் பாதுகாப்புப் புதுப்பிப்போ அதற்கு முன்பே நின்றுவிடக்கூடும். 2015-க்குப் பின் புதுப்பிக்கப்படாதிருந்த மை புக் லைவ் என்னும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகள் 2021 ஜூனில் இணையத்தின் வழியே, உரிமையாளர் அறியாமல், தொழிற்சாலை நிலைக்குத் திருப்பப்பட்டு வெறுமையாயின. அதே ஆண்டு ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளில் புகுந்த கியூலாக்கர் என்னும் பணய மென்பொருள், கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுக் கட்டிவைத்துப் பணம் கேட்டது. பழைய பெட்டியை வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் வைத்து, ரூட்டரில் அதன் வெளிவழியை அடைத்துவிடலாம் என்பது பலரும் கூறும் பரிகாரம். கோப்பை மட்டும் நீட்டும் பெட்டிக்கு அது செல்லும். சுவரொட்டியையும் சப்டைட்டிலையும் இணையத்திலிருந்து தானே கொண்டுவந்து காட்சியையும் நிர்வகிக்கும் பெட்டிக்கு அந்த அடைப்பைச் செய்தால் அதன் உபயோகத்தில் பாதி போய்விடும். செய்யாவிட்டால் புதுப்பிப்பற்ற யந்திரம் திறந்த வாயிலில் நிற்கும். இரண்டையும் தனித்தனி யந்திரமாகப் பிரித்துவிடச் சொல்வோரின் யோசனை தர்க்கத்துக்கு ஒத்ததே. பராமரிக்க வேண்டிய யந்திரங்களின் எண்ணிக்கை அதனால் மூன்றாகிறது என்ற ஆக்ஷேபணைக்கு அவர்களிடமிருந்து இதுவரை திருப்தியான பதில் வரவில்லை.